ரத்தக் கொதிப்பும் இனப்பெருக்க ஹார்மோன்களும்: மரபியல் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மரபியல் பிரிவில் குடும்ப வரலாறு கேட்டு எழுதுவது என் பணி. யாருக்கு எந்த வயதில் ரத்தக் கொதிப்பு வந்தது, யார் எப்போது பருவமடைந்தார், எத்தனை பிரசவம், எத்தனை கருச்சிதைவு என்று நான் கேட்கத் தொடங்கியதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். "ரத்தக் கொதிப்புக்காகத்தானே அனுப்பினார்கள்? இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்?" அந்தத் திகைப்பிலிருந்து பிறந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

ரத்தக் கொதிப்புக்கும் மாதவிடாய்க்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுக்கும் பின்னால் இருக்கும் ஹார்மோன்கள் ஒரே மூலப்பொருளிலிருந்து வருகின்றன. அது கொலஸ்ட்ரால். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கொலஸ்ட்ராலைப் படிப்படியாக மாற்றி ஆல்டோஸ்டிரோனையும் கார்ட்டிசாலையும் செய்கிறது. சினைப்பையும் விரையும் அதே கொலஸ்ட்ராலிலிருந்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைச் செய்கின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. சில நொதிகள் இரண்டு இடங்களுக்கும் பொது. பொதுவான நொதி ஒன்று கெட்டுப்போனால் ரத்த அழுத்தமும் பருவமடைதலும் சேர்ந்தே தடம் மாறும்.

ஆல்டோஸ்டிரோனின் வேலை, சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது. உப்பு தங்கினால் நீரும் தங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். இதோடு இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கருவில் அட்ரினல் சுரப்பியின் புறணியும் சினைப்பையும் விரையும் ஒரே திசுவிலிருந்து பிரிந்து வளர்ந்தவை. இந்தச் செய்தி கீழே ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

இது இதய மருத்துவரின் வேலை அல்லவா? மரபியல் மருத்துவர் இதில் என்ன செய்கிறார்?

பெரும்பாலோருக்கு இதய மருத்துவரோ பொது மருத்துவரோ போதும். இளம் வயதிலேயே கடுமையான ரத்தக் கொதிப்பு, குடும்பத்தில் பலருக்கு ஒரே மாதிரிக் கதை, மாத்திரை சாப்பிடாமலே பொட்டாசியம் குறைவு, கூடவே பருவமடைதலிலோ கர்ப்பத்திலோ ஏதாவது மாறுபாடு என்று வரும்போதுதான் மரபியல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அவர் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடத்தை வைத்துக்கொண்டு, நோய் எந்த வழியில் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். பிறகு எந்த மரபணுவைத் தேடுவது என்று முடிவு செய்வார்.

இந்தத் துறைக்குப் பின்னால் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. 1950களில் பிரிட்டனில் ராபர்ட் பிளாட், உயர் ரத்த அழுத்தம் ஒரே மரபணுவால் வரும் தனி நோய் என்றார். ஜார்ஜ் பிக்கரிங் அதை மறுத்தார். உயரத்தைப் போலவே ரத்த அழுத்தமும் மக்களிடையே தொடர்ச்சியாகப் பரவியிருக்கும் அளவு என்பது அவர் வாதம். பொது மக்களைப் பொறுத்தவரை பிக்கரிங் சொன்னதே சரி. ஆனால் ஒரே மரபணு போதும் என்ற பிளாட்டின் கருத்து சில அரிய குடும்பங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. இந்தப் பக்கத்தில் வரும் கதைகளில் பல அந்தக் குடும்பங்களுடையவை.

எங்கள் வீட்டில் அம்மா, மாமா, பாட்டி எல்லோருக்கும் ரத்தக் கொதிப்பு. அப்படியானால் மரபணு நோய்தானே?

மரபின் பங்கு நிச்சயம் இருக்கிறது. மக்களிடையே ரத்த அழுத்தத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 முதல் 50 விழுக்காடு மரபால் விளக்கக்கூடியது என்பது குடும்ப, இரட்டையர் ஆய்வுகளின் கணிப்பு. ஆனால் அது பல நூறு மரபணு இடங்களின் சிறு சிறு தள்ளல்களின் கூட்டு. 2018இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை ஆராய்ந்தபோது அத்தகைய இடங்களின் எண்ணிக்கை 901ஐத் தொட்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது.

ஐம்பது வயதுக்குமேல் தொடங்கி ஒன்றிரண்டு மாத்திரையில் அடங்கும் ரத்தக் கொதிப்பு இந்த வகையைச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது முப்பது வயதுக்குமுன் தொடங்கியதா, இளம் வயதில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டதா என்று விசாரியுங்கள். அப்படி இருந்தால் கதை வேறாக இருக்கலாம்.

என் மகளுக்கு 17 வயதாகியும் பூப்பெய்தவில்லை. ரத்தக் கொதிப்பும் இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் தனித்தனி நோயா?

ஒன்றாகவே இருக்கலாம். இந்தப் பக்கத்தைத் தொகுக்கத் தூண்டிய கேள்வி இதுதான். பூப்பெய்தாததற்கு ஒரு மருத்துவர், ரத்தக் கொதிப்புக்கு இன்னொரு மருத்துவர் என்று இரண்டு கோப்புகளோடு ஆண்டுக்கணக்கில் அலைந்து வருகிறார்கள். இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் யாராவது விரித்திருந்தால் அந்த ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

இந்த இரண்டையும் ஒருசேர விளக்கும் நோயை 1966இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் பிக்லியேரியும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். '17 ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ்' என்ற நொதி இல்லாத நிலை அது. 10ஆம் குரோமோசோமில் உள்ள 'சிஒய்பி17ஏ1' என்ற மரபணு இந்த நொதிக்கு உரியது. முதல் பதிலில் சொன்ன பொதுவான நொதிகளில் இது முக்கியமானது: அட்ரினல் சுரப்பியிலும் வேண்டும், சினைப்பையிலும் விரையிலும் வேண்டும். இது இல்லாதபோது கார்ட்டிசால் உருவாகாது, ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் உருவாகா. கார்ட்டிசால் போதவில்லை என்று பிட்யூட்டரி சுரப்பி 'ஏசிடிஎச்' ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து அட்ரினலை விரட்டும். அட்ரினலோ திறந்திருக்கும் ஒரே வழியில் மூலப்பொருளைத் தள்ளும். அந்த வழியில் குவிவது 'டிஆக்சிகார்ட்டிகோஸ்டிரோன்'. அது ஆல்டோஸ்டிரோனைப் போலவே உப்பைத் தேக்கும். அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், மார்பக வளர்ச்சியும் மாதவிடாயும் வராது.

இந்த நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதற்கும் காரணம் உண்டு. கார்ட்டிசால் இல்லாவிட்டாலும் கார்ட்டிகோஸ்டிரோன் அதிகமாகச் சுரந்து அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. குழந்தைப் பருவத்தில் ஆபத்தான நெருக்கடி எதுவும் வருவதில்லை. சிகிச்சை எளிது: குறைந்த அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் பிட்யூட்டரியின் விரட்டல் அடங்கும், அழுத்தம் இறங்கும். பருவ வளர்ச்சிக்கு ஈஸ்ட்ரோஜன் தருவார்கள். கருப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேரும்.

அதே பரிசோதனையில் என் மகளின் குரோமோசோம் 'எக்ஸ்ஒய்' என்று வந்திருக்கிறது. அவள் பெண் இல்லையா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் எழுந்து கதவருகே போன பிறகுதான், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். உட்கார்ந்தே கேட்கலாம். கருவில் ஆண் உறுப்புகள் உருவாக டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். மேலே சொன்ன நொதி முழுவதும் இல்லாவிட்டால், வழக்கமாக ஆண்களிடம் காணப்படும் 'எக்ஸ்ஒய்' குரோமோசோம் உள்ள குழந்தையும் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும். உங்கள் மகள் தன்னை யார் என்று அறிந்திருக்கிறாளோ அதை ஓர் ஆய்வக அறிக்கை மாற்றிவிடாது.

மருத்துவ ரீதியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. கருப்பை இருக்காது, ஆகவே கருத்தரிக்க இயலாது. வயிற்றுக்குள் இருக்கும் விரைகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பற்றியும், அவற்றை அகற்றுவதா, கண்காணிப்பதா என்பது பற்றியும் மருத்துவர் பேசுவார். அந்தப் பேச்சில் உங்கள் மகளும் இருக்க வேண்டும். அவளிடம் மறைத்து எடுத்த முடிவு பின்னாளில் அவளுக்குப் பெரிய காயமாகிவிடும். வளர்ந்தவர்கள் பலர் என்னிடம் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

என் தங்கைக்குச் சினைப்பை நீர்க்கட்டி, முகத்தில் முடி. 24 வயதிலேயே ரத்தக் கொதிப்பும் வந்துவிட்டது. இதுவும் அதே நோயா?

அதே நோய் அல்ல. மேலே சொன்னதில் பாலின ஹார்மோன்களே உருவாகவில்லை; உங்கள் தங்கைக்கு ஆண் ஹார்மோன் கூடியிருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் உடல் எடையும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை ஏற்றுவது வழக்கம். பெரும்பாலும் விளக்கம் அத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் பொட்டாசியமும் குறைந்திருந்தால், அல்லது சிறுவயதிலேயே உடல் முடி வளர்ந்து, வேகமாக உயர்ந்து, பிறகு வளர்ச்சி நின்றுபோயிருந்தால், '11 பீட்டா ஹைட்ராக்சிலேஸ்' குறைபாட்டைத் தேட வேண்டும். இங்கே அடைபடுவது கார்ட்டிசாலுக்கு முந்தைய கடைசிப் படி. தேங்கிய பொருளில் ஒரு பகுதி டிஆக்சிகார்ட்டிகோஸ்டிரோனாகவே நின்று அழுத்தத்தை ஏற்றும். மீதி ஆண் ஹார்மோன் பக்கம் வழிந்தோடும். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நோய்க் கூட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் '21 ஹைட்ராக்சிலேஸ்' குறைபாடுதான். அதில் ஆண் ஹார்மோன் கூடினாலும் உப்பு வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறாது. ஆண் ஹார்மோனும் அழுத்தமும் சேர்ந்து ஏறியிருந்தால் 11ஐ நினைக்க வேண்டும்.

எனக்கும் கணவருக்கும் எந்த நோயும் இல்லையே. குழந்தைக்கு மட்டும் எப்படி வந்தது?

மேலே பார்த்த நொதிக் குறைபாடுகள் ஒடுங்கு முறையில் இறங்குபவை. ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள். ஒன்று கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொரு பிரதி கெட்டிருந்து, இரண்டும் குழந்தைக்கு வந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோர் நெருங்கிய உறவினர்களாக இருந்தால் ஒரே கெட்ட பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறவு இல்லாமலும் நேரலாம். யாருடைய தவறும் இதில் இல்லை.

ஓங்கு முறையில் இறங்குபவையும் உண்டு. 1992இல் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு, 8ஆம் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மரபணுக்கள் பிசகாக ஒட்டிக்கொண்டு கலப்பு மரபணு ஒன்று உருவாவதைக் கண்டறிந்தது. அது இருந்தால் ஆல்டோஸ்டிரோன் 'ஏசிடிஎச்' சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சுரக்கும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே குழந்தைக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்றாவது பதிலில் மூளை ரத்தக் கசிவைப் பற்றி விசாரிக்கச் சொன்னது இதற்காகவும்தான். இதற்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்கிறது.

கர்ப்பத்தின்போது மட்டும் ரத்தக் கொதிப்பு எகிறியது. கர்ப்ப ஹார்மோன்தான் காரணம் என்கிறார்களே?

வழக்கமான கர்ப்பத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. புரோஜெஸ்டிரோன் பல மடங்கு கூடும். அது ஆல்டோஸ்டிரோன் வந்து ஒட்டி வேலை செய்யும் இடமான ஏற்பியில் போய் உட்கார்ந்து, அதை இயக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். கர்ப்பத்தின் நடு மாதங்களில் ரத்த அழுத்தம் சற்று இறங்கவே செய்கிறது.

ஓர் அரிய குடும்பத்தில் இது தலைகீழானது. 2000ஆம் ஆண்டில் டேவிட் கெல்லர், லிஃப்டன் ஆகியோரின் குழு, கடுமையான ரத்தக் கொதிப்போடு வந்த 15 வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து தேடலைத் தொடங்கியது. அவனுடைய ஆல்டோஸ்டிரோன் ஏற்பியில் 810ஆவது இடத்தில் செரீன் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் இருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஏற்பியின் வடிவம் மாறி, அதை அடைத்துக்கொண்டிருந்த புரோஜெஸ்டிரோனே அதை இயக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் இந்த மாற்றம் கொண்ட இரண்டு பெண்களுக்கு நேர்ந்த ஐந்து கர்ப்பங்களிலும் ரத்த அழுத்தம் மோசமானது. ரத்தக் கொதிப்பும் இனப்பெருக்க ஹார்மோனும் ஒரே புள்ளியில் சந்திப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கண்டுபிடிப்பு வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இது மிக மிக அரிது. உங்களுக்கு இதுதான் என்று கருதுவதற்கு முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

அப்படியானால் பிரீ எக்லாம்ப்சியாவும் இதே மரபணுக் கோளாறா?

இல்லை. பிரீ எக்லாம்ப்சியா 20 வாரத்துக்குப் பின் அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போவது அல்லது உறுப்புகள் பாதிக்கப்படுவது. அது தொடங்குவது நஞ்சுக்கொடியில். நஞ்சுக்கொடி மிகையாக வெளிவிடும் 'எஸ்எஃப்எல்டி1' என்ற புரதம், தாயின் ரத்தக் குழாய்களைக் காக்கும் காரணிகளைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இது 2003இல் தெரியவந்தது. 2017இல் வந்த மரபணு ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: அந்தப் புரதத்துக்குரிய மரபணுவின் அருகே குழந்தையிடம் இருக்கும் மாற்றமே தாயின் ஆபத்தோடு தொடர்புடையது. குழந்தையின் மரபணுவில் பாதி தந்தையிடமிருந்து வருகிறது. ஆகவே 'உன் உடம்புதான் இப்படி' என்று மனைவியைக் குறை சொல்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஒருமுறை பிரீ எக்லாம்ப்சியா வந்திருந்தால் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல். பிரசவம் முடிந்து அளவு இறங்கிவிட்டது என்று விட்டுவிடாமல் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்குக் கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு வந்து, அட்ரினலில் சிறு கட்டி என்றார்கள். கட்டிக்கும் கர்ப்பத்துக்கும் தொடர்பு உண்டா?

சிலருக்கு உண்டு. ஆல்டோஸ்டிரோனை மிகையாகச் சுரக்கும் கட்டி இருந்த மூன்று பெண்களைப் பற்றி 2015இல் மாரிஸ் பிரவுனின் குழு எழுதியது. இருவருக்குக் கர்ப்பத்தின்போதும் ஒருவருக்கு மாதவிடாய் நின்ற பிறகும் நோய் வெளிப்பட்டது. அந்தக் கட்டிகளில் 'சிடிஎன்என்பி1' என்ற மரபணு மாறியிருந்தது. அதனால் கட்டியின் செல்கள், முதல் பதிலில் சொன்ன பழைய பொதுத் திசுவின் இயல்புக்குத் திரும்பி, சினைப்பையில் இருக்க வேண்டிய ஏற்பிகளை ஏராளமாக உருவாக்கிக்கொண்டிருந்தன. கர்ப்பத்தில் கூடும் 'எச்சிஜி' ஹார்மோனும், மாதவிடாய் நின்றபின் கூடும் 'எல்எச்' ஹார்மோனும் அதே ஏற்பியில் வந்து சேர்பவை. 2021இல் அதே குழு, இத்தகைய கட்டிகள் சிலவற்றில் இரண்டாவதாக இன்னொரு மரபணு மாற்றமும் சேர்ந்திருப்பதையும், பருவமடையும் காலத்திலும் இவை வெளிப்படுவதையும் காட்டியது.

இந்த மாற்றங்கள் கட்டியில் மட்டுமே தோன்றியவை. உங்கள் அக்காவின் குழந்தைக்கு இறங்காது, உங்களுக்கும் இருக்க வேண்டியதில்லை.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ரத்தக் கொதிப்பு வருமா?

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஹார்மோனுக்கு மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜனின் உற்பத்தியைக் கல்லீரலில் கூட்டுகிறது. பெரும்பாலோருக்கு ஏற்றம் சிறிதளவே. சிலருக்கு நோய் என்று சொல்லும் அளவுக்கு ஏறும். நிறுத்தினால் வழக்கமாகச் சில மாதங்களில் இறங்கிவிடும். ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு இருந்தால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகளை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை தொடங்கும் முன்பும் பின்பும் அழுத்தத்தை அளந்து எழுதிவைப்பது நல்லது.

ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் என் கணவருக்கு மார்பு பெருத்துவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரை இப்படிச் செய்யுமா?

செய்யும். அந்த மருந்து ஆல்டோஸ்டிரோன் ஏற்பியை அடைப்பதோடு ஆண் ஹார்மோன் ஏற்பியையும் ஓரளவு அடைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தப்பலாம். முகத்து முடியைக் குறைக்க இதையே கொடுப்பதும் அதனால்தான். எப்ளெரினோன் என்ற மருந்துக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தானாக நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. கர்ப்பத்துக்கு முயலும் பெண்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 810ஆவது இடம் மாறிய அந்த அரிய ஏற்பியையோ இந்த மருந்தும் இயக்கிவிடும். மருந்து கொடுத்தும் அழுத்தம் ஏறினால் அது ஒரு தடயம்.

அதிமதுரம் உடலுக்கு நல்லதுதானே? அதைக்கூட நிறுத்தச் சொல்கிறார்கள்.

அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் காவல் நிற்கும் ஒரு நொதியை முடக்கும். ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியைக் கார்ட்டிசால் தொட்டுவிடாமல் தடுப்பது அந்த நொதிதான். தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளை 1970களில் மரியா நியூ, ஸ்டான்லி யூலிக் ஆகியோர் விவரித்தார்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் அதிமதுரம் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முடிவுகள் மருத்துவரைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும்.

நேராக மரபணுப் பரிசோதனையே செய்துகொண்டால் என்ன?

முதலில் பொட்டாசியம், ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கத் தூண்டும் சிறுநீரகப் பொருளான ரெனின், ஆல்டோஸ்டிரோன், தேவைப்பட்டால் மற்ற ஸ்டீராய்டு அளவுகள். மேலே பார்த்த நோய்களில் பெரும்பாலானவற்றில் ரெனின் அடங்கியிருக்கும். ஆல்டோஸ்டிரோன் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பது அடுத்த பிரிவு. இந்தத் தடயம் இல்லாமல் மரபணுவைத் தேடினால் பொருள் விளங்காத மாற்றங்கள் அறிக்கையில் வந்து நிற்கும், அவை பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும். சில ரத்தக் கொதிப்பு மருந்துகளும் ஹார்மோன் மாத்திரைகளும் ரெனின் அளவை மாற்றும். ஆனால் பரிசோதனைக்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இணையத்தில் வாங்கிய மரபணு அறிக்கையில் 'சிஒய்பி17ஏ1' அருகே மாற்றம் என்று இருக்கிறது. பூப்பெய்தாத பெண்ணுக்குச் சொன்ன அதே நோயா?

கவனித்துப் படித்திருக்கிறீர்கள். அதே மரபணுதான், அதே நோய் அல்ல. 2009இல் வெளிவந்த பெரிய மக்கள்தொகை ஆய்வுகளில் இந்த மரபணு இருக்கும் பகுதி ரத்த அழுத்தத்தோடு தொடர்புடையது என்று தெரிந்தது. அங்கே சொல்லப்படும் மாற்றங்கள் கோடிக்கணக்கானோரிடம் இருப்பவை. நொதியை அழிப்பவை அல்ல. அந்தப் பகுதியில் வேறு மரபணுக்களும் இருக்கின்றன, விளைவு எதனுடையது என்பதிலும் சிக்கல் உண்டு. மூன்றாவது பதிலில் சொன்ன நூற்றுக்கணக்கான சிறு தள்ளல்களில் இதுவும் ஒன்று. மாதவிடாய் ஒழுங்காக வந்து, பொட்டாசியமும் சரியாக இருந்தால் இந்த வரிக்காக மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை.

பரிசோதனையில் மரபணு மாற்றம் உறுதியாகிவிட்டது. அண்ணன் வீட்டில் சொல்லியே ஆக வேண்டுமா? மகள் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. உங்கள் அனுமதியில்லாமல் நாங்கள் அவரை அழைக்கவும் மாட்டோம். ஆனால் உங்களுடையது லிஃப்டன் கண்டறிந்ததைப் போன்ற ஓங்கு வகை என்றால், அண்ணனுக்கு அது இருக்கும் வாய்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அவருக்கு இருந்தால் அவர் மகளுக்கும் அதே கணக்கு. அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தத்தை இதுவரை யாரும் அளந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு கடிதம் எழுதித் தருகிறோம். அதில் உங்கள் பெயர் இருக்காது. குடும்பத்தில் ஒருவருக்கு இன்ன நோய் உறுதியாகியிருக்கிறது, இன்ன பரிசோதனை போதும், சிகிச்சை எளிது என்று மட்டும் இருக்கும். பலர் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். சில மாதம் கழித்து ஒருநாள் அண்ணனே தன் மகளை அழைத்துக்கொண்டு அதே கடிதத்தோடு வந்து உட்காருவார். அவரிடமும் நான் முதல் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.